வெறுமையாய் வந்த சாப்பாட்டுப் பெட்டி

என் சுமதிப் புள்ளைக்கு,

நீ போய் நாலு மாதம் முடிந்து ஐந்தாவது நடக்கிறது. இன்றைக்குச் சனிக்கிழமை. எனக்கு வேலை இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்து வளவில் உன் அக்கா வீட்டில் நிற்கிறார்கள். மூத்தவளின் கணக்குக் கொப்பியில் எழுதாமல் கிடந்த கடைசித் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு குசினியில் உட்கார்ந்திருக்கிறேன். கொப்பியைக் கிழித்ததற்கு அவளிடம் நல்ல பேச்சு வாங்கப்போகிறேன். இந்த வீட்டில் இப்போது என்னைப் பேசுவதற்கு அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதவில்லை. எதற்கு எழுதுவது? கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தானே இருந்தாய். வாகரையிலிருந்து நான் கல்யாணம் முடித்து இந்த ஆரையம்பதிக்கு, உனக்குச் சீதனமாய்த் தந்த இந்த வீட்டுக்கு வந்து பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் நாம் பிரிந்திருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நல்ல செய்தி ஏதும் கொண்டுவரவில்லை, புள்ள. ஒரு பிழை செய்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் என்னால் சுவரில் ஒரு கை சாந்துகூட ஒழுங்காக வைத்துப் பூச முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? சாப்பாட்டுப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

பிள்ளைகளுக்கு நீ பள்ளிக்கூடச் சாப்பாடு கட்டுவதை இத்தனை வருடமும் பார்த்தவன் என்றுதான் என்னை நினைத்திருந்தேன். விடியற்காலையில் நீ தேங்காய் துருவுவாய், அவிப்பாய், ஆறவைப்பாய், பெட்டிக்குள் அடுக்குவாய். நான் அந்த வாசலில் குந்தியிருந்து தேத்தண்ணீர் குடிப்பேன். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் நீ எத்தனை கரண்டி மா போட்டாய், சுடுதண்ணீரை எந்தச் சூட்டில் விட்டாய், இடியப்பம் பெட்டிக்குள் வியர்க்காமல் இருக்க என்ன செய்தாய், ஒன்றும் எனக்குத் தெரியாது. பத்து வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு ஒரு சம்பல் இடிக்கத் தெரியவில்லை என்றால் அவன் என்னத்தைப் பார்த்தான்?

உன் முப்பத்தோராம் நாள் முடிந்த மற்றக் கிழமையே பள்ளிக்கூடம் தொடங்கியது. மூத்தவள் தர்ஷிக்கு அது பழகின இடம். சின்னவள் கவிக்குத்தான் புதிது, முதலாம் ஆண்டு. அவளுக்கென்று நீ கார்த்திகை மாதமே பெட்டியும் போத்தலும் வாங்கி அலுமாரிக்குள் வைத்திருந்தாய். நானும் உன் அக்காவும் அலுமாரியைத் திறந்தபோது, கடையின் பை கூடக் கழற்றாமல் அது அப்படியே இருந்தது. உன் அக்கா அதைக் கையில் எடுத்ததும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா.

முதல் நாள் நான் கடையில் பணிஸ் வாங்கி ஆளுக்கு இரண்டு வைத்துவிட்டேன். பின்னேரம் கவியின் கொப்பியில் சிவப்பு மையால் டீச்சர் எழுதியிருந்தா. அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டிய தாளைப் பார்க்கவும் என்று. பார்த்தால் அங்கே ஒரு நேரசூசி. திங்கள் பயறு, செவ்வாய் புட்டு, புதன் சோறும் கீரையும், வியாழன் முட்டை, வெள்ளி இடியப்பமும் சம்பலும். கடைச் சாப்பாடு கூடாது. ஒரு வீடு கட்டுவதற்குக்கூட எனக்கு இவ்வளவு விபரமாய் யாரும் எழுதித் தந்ததில்லை.

உன் அக்கா மறுநாள் விடியவே வந்தா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னா: “சாந்தகப்பை பிடிச்ச கையால ஏன் மச்சான் கஷ்டப்படுற? என்ட புள்ளையளுக்குக் கட்டக்குள்ள இவங்களுக்கும் சேத்துக் கட்டிக் குடுக்கிறன்.”

நல்ல மனதோடுதான் கேட்டா. எனக்குத்தான் சுருக்கென்றது. இது உன் வீடு, சுமதி. உன் அம்மாவிடமிருந்து உனக்கு வந்தது, நாளைக்கு உன் பிள்ளைகளுக்குப் போவது. நமது பக்கத்தில் வீடு பெண்ணோடு வரும், ஆண் அதற்குள் வந்து இருப்பான். அந்தப் பெண்ணே போன பிறகு அங்கே நான் யார்? முதலில் சாப்பாட்டுப் பெட்டி அக்கா வீட்டுக்குப் போகும். பிறகு பிள்ளைகளின் உடுப்பு போகும், பிறகு பிள்ளைகளும் போவார்கள். கடைசியில் நான் வெறும் வீட்டுக்குக் காவல் இருக்கிறவன் ஆவேன். இப்படித்தான் என் புத்தி ஓடியது. என் பிள்ளைகளுக்கு நான் கட்டிக்கொள்வேன் என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லிவிட்டேன். அவ திரும்பிப் போனா. என் கோபம் உனக்குத் தெரியாததா?

அப்படிச் சொன்ன வாய்க்காகவே ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு எழும்பினேன். முதல் புட்டு சீமெந்துக் கலவையின் பதத்தில் வந்தது. இடியப்ப உரலைத் திருகித் திருகி கைப்பிடியையே வளைத்துவிட்டேன். முட்டை உரிக்கும்போது பாதி முட்டை கோதோடு போனது. தர்ஷி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடி பைக்குள் வைப்பாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்ததோ அந்தப் பொறுமை. உன்னுடையது இல்லை அது, நீ என்றால் பெட்டியை என் தலையில் கவிழ்த்திருப்பாய்.

மூன்றாம் கிழமையளவில் கை கொஞ்சம் படிந்தது. அப்போதுதான் கவனித்தேன், தர்ஷியின் பெட்டியில் சில நாள் மிச்சம் இருக்கும், கவியின் பெட்டியில் ஒரு நாளும் இருக்காது. வெறுமையாய் வரும். கழுவிக்கூட வரும். சாப்பிட்டீங்களா மகள் என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். நல்லா இருந்ததா என்று கேட்டால் அதற்கும் ஆட்டுவாள்.

எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்ல? நீ போன பிறகு எனக்கு வந்த ஒரேயொரு சந்தோசம் அது. சின்னவள் நான் கட்டுகிறதை மிச்சம் வைக்காமல் தின்கிறாள் என்று வேலைத்தலத்தில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லித் திரிந்தேன். பெட்டியைக் கழுவிக் காயவைக்கும் சாட்டில் உன் அக்காவின் கண்ணுக்குப் படுகிற மாதிரி வேலியோரத்துக் கல்லில் மூடியைத் திறந்து வைப்பேன். ஒரு நாள் உன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டினேன். பார் புள்ள, ஒரு பருக்கை இல்லை என்றேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான்.

கவி மெலிந்துகொண்டு போனாள். வெள்ளைச் சட்டை தோளில் நிற்காமல் விழுந்தது, ஊசி குத்தி விட்டேன். காலையில் தேத்தண்ணீர் இரண்டு மிடறு, மத்தியானம் பெரியம்மா வீட்டில் பொறுக்கிப் பொறுக்கி நாலு வாய். உன் அக்கா இரண்டு தரம் சொன்னா, பிள்ளை வாடிப்போகிறாள் என்று. பள்ளிக்கூடத்தில்தான் வயிறு நிறையச் சாப்பிடுகிறாளே, வளர்கிற பிள்ளை மெலியத்தான் செய்யும் என்று நான் அவவின் வாயை அடைத்தேன். கையில் சாட்சிக்கு வெறும் பெட்டி இருந்ததே.

போன கிழமைத் திங்கட்கிழமை, காத்தான்குடியில் ஒரு வீட்டில் சுவர் பூசிக்கொண்டு நின்றபோது போன் வந்தது. காலைக் கூட்டத்தில் பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள். சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. போய்ப் பார்த்தால் டீச்சரின் மேசையில் கிடக்கிறாள். உதடு வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் சட்டையில் சாந்து, அப்பா என்றாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நிறுத்துப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரசூசி முழுவதையும் ஒப்புவித்தேன். பெட்டி வெறுமையாய்த்தான் வரும் ஐயா என்றேன். அவர், இந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் அந்தச் சாப்பாடு போகவில்லை என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

உனக்குத் தெரியும்தானே, எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். யாரோ பெரிய பிள்ளைகள் என் பிள்ளையின் சாப்பாட்டைப் பறித்துத் தின்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். தாயில்லாத பிள்ளை, கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டார்கள் என்று கொதித்தேன். இரண்டு நாள் பிள்ளையை வீட்டில் வைத்திருந்துவிட்டு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். வழமைபோல பெட்டியும் கட்டினேன், முட்டையும் சோறும். இடைவேளைக்குச் சரியாக நானும் போய் நின்றேன், ஆளைப் பிடித்து ஒரு கை பார்ப்பதற்கு.

டீச்சர் நல்ல பிள்ளை, வயது குறைவு. கவி இடைவேளையில் வகுப்பில் இருக்கமாட்டாள், அக்காவோடு போய் இருந்து சாப்பிடுவாள், அதனால் தானும் கவனிக்கவில்லை என்று அழாக்குறையாகச் சொன்னா. பின்பக்கம்தான் போவார்கள் என்று கையைக் காட்டினா.

பின்பக்கம் என்றால் வாவிப் பக்கம். மதிலோரம் தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு கொங்கிரீட் மேடை இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் ஒரு பூவரசு நிற்கிறது. நான் கட்டிட மூலையில் மறைந்து நின்று பார்த்தேன்.

தர்ஷி இந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பாவாடையை விரித்துப் பிடித்தபடி நின்றாள். யாரும் வந்துவிடாமல் மறைக்கிறாள். அவளுக்குப் பின்னால் கவி. பூவரச இலை நாலைந்தைப் பறித்து மேடையில் பரப்பினாள். பெட்டியைத் திறந்து சோற்றை இலையில் வைத்தாள், முட்டையை அதற்கு மேல் வைத்தாள். ஒரு பருக்கையும் விடாமல் விரலால் வழித்து வைத்தாள். பிறகு எழும்பிப் போய் மதிலோடு முகத்தை ஒட்டிவைத்து, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

காகங்கள் பழகியிருந்தன. ஒன்று இறங்கியது, பிறகு நாலைந்து வந்தன. மணி அடிக்கிறவரைக்கும் அவள் திரும்பவில்லை. மணி அடித்ததும் கண்ணைத் திறந்து ஓடிவந்து இலையைப் பார்த்தாள். சுமதி, அந்த முகத்தை நான் எப்படி உனக்கு எழுதுவேன்? நீ போன பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளையிடம் ஒரு நாளும் காணாத முகம் அது. சிரித்துக்கொண்டே பெட்டியைக் குழாயில் கழுவி, கையில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, வகுப்புக்கு ஓடினாள்.

தர்ஷிதான் என்னைக் கண்டாள். அப்படியே நின்றாள். பக்கத்தில் போய்க் கேட்டேன்.

“அம்மாக்கு வெக்கிறா,” என்றாள். “நான் சொல்லிப் பாத்தன், அம்மா வாறல்ல எண்டு. என்ட பாதியத் தின்னு எண்டும் குடுத்துப் பாத்தன். கேக்கிறாளில்ல. எட்டாம் நாளுக்கு வந்து தின்டவதானே, அப்பாவும் பாத்ததானே எண்டு சொல்றாள்.”

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

உன் எட்டாம் நாள். நீ விரும்பிச் சாப்பிடுவதெல்லாம் சமைத்தார்கள். கத்தரிக்காய்க் குழம்பு, உளுந்து வடை, எல்லாம் உன் அக்காதான் கண்ணீரோடு நின்று சமைத்தா. சாமியறையில் வாழையிலையில் படைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே இருந்தோம். நமது வழக்கம்தானே. உள்ளுக்குள் யார் என்று கவி கேட்டாள். உறவுக்காரப் பெண் ஒருத்தி, அம்மா வந்து சாப்பிடுகிறா, சத்தம் போடக்கூடாது என்று சொன்னா. எட்டு நாளும் அழுது அழுது தொண்டை கட்டிப்போன பிள்ளை, அந்த நேரம் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கதவைத் திறக்க என்னைத்தான் அனுப்பினார்கள். உள்ளே போனேன். வைத்தது வைத்தபடி இருந்தது. வேறு எப்படி இருக்கும்? எனக்குப் பின்னால் அவளுடைய சின்னக் கால் ஓடிவருகிற சத்தம் கேட்டது. அவள் வந்து அந்த இலையைப் பார்க்கப்போகிறாள். ஒன்றும் குறையவில்லை என்று காணப்போகிறாள். எனக்குத் தாங்கவில்லை, புள்ள. ஒரு வடையில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டு விழுங்கினேன். குழம்பிலும் ஒரு விரலை வைத்து இழுத்துவிட்டேன். அவள் வந்தாள். “பாருங்க மகள், அம்மா தின்டுட்டுப் போயிட்டா,” என்றேன்.

அவள் கைதட்டிச் சிரித்தாள். பின்னால் வந்த பெண்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார்கள். உன் அக்கா அந்த மிச்ச வடையை எடுத்துக் கண்ணில் ஒற்றினா. அப்போது அது எனக்கு ஒரு நல்ல காரியமாகத்தான் பட்டது. உன்னைத் தேடி அழுத பிள்ளையைச் சிரிக்கவைத்துவிட்டேன் என்று ஆறுதல்கூடப் பட்டேன். அந்தப் பாதி வடைதான் இத்தனை மாதமும் என் பிள்ளையைப் பட்டினி போட்டது.

பள்ளிக்கூடத்தில் அதைக் கண்ட அன்றைக்குப் பின்னேரமே சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். குசினி வாசலில் அவளை மடியில் இருத்தினேன். எடை இல்லை. ஒரு கோழியைத் தூக்கினால் அதைவிடப் பாரமாக இருக்கும்.

“மகள், எட்டுக்கு வடையத் தின்டது அம்மா இல்ல. நான்தான்.”

அவளுக்கு விளங்கவில்லை. அம்மாவுக்குப் பிறகா நீங்கள் தின்றீர்கள் என்று கேட்டாள். இல்லை, அம்மா வரவேயில்லை, நான் மட்டும்தான் தின்றேன் என்றேன். அப்ப பள்ளிக்கூடத்தில் வைக்கிறதை யார் தின்கிறது என்றாள். அதைக் காகம் தின்கிறது என்றேன். என் குரல் எனக்கே யாரோ அந்நியன் கதைப்பதுபோலக் கேட்டது. அவள் அழுவாள் என்று பார்த்தேன், கத்துவாள் என்று பார்த்தேன், என்னை அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன். சட்டை நுனியைப் பிடித்து மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

“அப்ப அம்மா பசியோடயா போன?”

சுமதி, நான் அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது? நீயும் நானும் மட்டும்தானே அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். காய்ச்சலின் ஐந்தாம் நாள் பின்னேரம், கண்ணைத் திறந்து, “பசிக்குது, கொஞ்சம் சோறு கொண்டாங்க” என்றாய். காய்ச்சல் விட்டிருந்தது, முகமும் தெளிந்திருந்தது. நான் நேர்ஸிடம் ஓடிப்போய்க் கேட்டேன். டெங்குதானே, காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனம், இன்றைக்குத் தண்ணி ஆகாரம் மட்டும், நாளைக்கு டொக்டர் பார்த்துவிட்டுச் சொல்லுவார் என்றா. அவ தன் வேலையைச் செய்தா, அவவில் பிழை இல்லை. நான் வந்து உன்னிடம் நாளைக்கு என்றேன். நீ முகத்தைச் சுளித்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாய். விடியும்போது உன்னை உள்ளே வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். நாளைக்கு என்றேனே, அந்த நாளை எங்கே?

இனி என் பிள்ளைக்குப் பொய் சொல்லமாட்டேன் என்று நினைத்துத்தான் அவளை மடியில் இருத்தினேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, இல்லை மகள், அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனா என்று சொன்னேன். அவள் என் வாயையே பார்த்தாள். நம்பினாளோ இல்லையோ தெரியாது. எழும்பிப் போய் அக்காவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

உன் அக்காவிடமும் சொன்னேன். வேலிப் பக்கம் கூப்பிட்டு, அந்த வடையைத் தின்றது நான்தான் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். நாலு வார்த்தை கேட்பா என்று நின்றேன். அவ வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னா:

“எனக்குத் தெரியும் மச்சான். உங்கட மீசையில உளுந்து ஒட்டியிருந்த. நீங்களும் எட்டு நாளாச் சாப்பிடல்லதானே எண்டு விட்டுட்டன்.”

அதற்குப் பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மற்ற நாள் விடிய, கேட்காமலே வந்து என் கையிலிருந்து துருவலையை வாங்கினா. நான் கொடுத்தேன். என் பெருமையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆனால் கவி சாப்பிடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பெட்டி நிறைந்தபடி திரும்பி வந்தது. திங்களும், செவ்வாயும், புதனும், வியாழனும் அப்படியே வந்தது. கட்டின பயறு கட்டினபடி புளித்துப்போய் வந்தது. மேடைக்கும் போகவில்லையாம். இடைவேளை முழுவதும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வகுப்பிலேயே இருந்தாளாம், மூடியைத் திறக்கவில்லையாம். வீட்டில் பெரியம்மா ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவாள், மூன்றாம் வாய்க்கு உதட்டை மூடிக்கொள்வாள். நான் ஊட்டப் போனால் அதுவும் இல்லை. என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

அந்த நாட்களில் நான் என்னவெல்லாம் யோசித்தேன் என்று உன்னிடம் மறைக்கமாட்டேன். திரும்பவும் ஒரு பொய்யைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அம்மா கனவில் வந்து உன்னைச் சாப்பிடச் சொன்னா என்று சொல்லலாமா என்று. வாய் வரைக்கும் வந்தது. வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வாவிக் கரையில் இருந்திருக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேர் இல்லையென்றால் அங்கேயே இருந்துவிடுவேன் போலத் தோன்றியது. இருக்கவில்லை. மத்தியானம் பள்ளிக்கூடம் விடும், வாசலில் நிற்கவேண்டும் என்ற நினைப்பு வந்து எழும்பிவிடுவேன். உன்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் எந்தத் திசையில் கூப்பிடுவது? நீ எங்கே, சுமதி?

நேற்று வெள்ளிக்கிழமை. இடியப்பமும் சம்பலும். உன் அக்கா தேங்காய் துருவித் தந்தா, சம்பலை நானே இடித்தேன். மத்தியானம் வாசலில் நின்றேன். டீச்சர் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தா. சிரித்த முகத்தோடு, “இண்டைக்குச் சாப்பிட்டா, நான் பக்கத்தில இருந்து பாத்தன், நாலு இடியப்பமும் தின்டா,” என்றா.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? மாமாங்கேஸ்வரருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்த்தி வைத்ததே இதற்குத்தானே. பெட்டியைத் திறந்து பார்த்தேன். உண்மையாகவே வெறுமையாய் இருந்தது. வாசல் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏனென்றால் எனக்கு விளங்கிவிட்டது. அம்மா வருவா என்று இத்தனை நாளும் தன் பசியை அடக்கிக்கொண்டு காத்திருந்த ஒரே ஆள் அவள்தான். நாங்கள் எல்லோரும் உன்னை எப்போதோ அனுப்பிவிட்டோம். கொள்ளி வைத்தோம், எட்டு முடித்தோம், முப்பத்தொன்று முடித்தோம். அவள் மட்டும் அனுப்பவில்லை. நேற்று இடைவேளையில் அந்த நாலு இடியப்பத்தைத் தின்றபோது அவளும் உன்னை அனுப்பிவிட்டாள். அனுப்பவைத்தவன் நான். பிள்ளை பிழைக்கவேண்டும் என்றால் அது நடக்கத்தான் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அது என்ன ஆறுதல், சொல்லு?

வீட்டுக்கு வருகிற வழியில் சைக்கிளில் முன்னால் கவி, பின்னால் தர்ஷி. கோயிலைத் தாண்டி வரும்போது கவி திரும்பாமலே சொன்னாள்.

“அப்பா, சம்பலுக்கு உப்புக் கூடிப்போச்சு.”

எட்டு நாளைக்குப் பிறகு அவள் என்னோடு பேசின முதல் பேச்சு அது. பின்னாலிருந்து தர்ஷி, ஒவ்வொரு நாளும் கூடத்தான், எனக்கு முதலே தெரியும், அப்பா பாவம் என்றுதான் சொல்லவில்லை என்றாள்.

அப்படியென்றால் இவ்வளவு காலமும் அந்த உப்பையெல்லாம் சின்னவள் உனக்குத்தான் அனுப்பியிருக்கிறாள். நீயாவது ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? என் சமையலில் பிழை பிடிக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தும் நீ வாயைத் திறக்கவில்லை என்றால், நீ உண்மையாகவே இல்லை என்றுதானே அர்த்தம். சைக்கிளை மிதித்துக்கொண்டே அழுதேன். பிள்ளைகள் பார்க்கவில்லை. காற்று அடித்துக்கொண்டிருந்தது, கண்ணில் தூசு என்று சொல்லியிருப்பேன். பார், மூன்றாவது பொய்யும் தயாராக இருந்தது.

தாள் முடிகிறது. உனக்கு ஒரு வாக்குத் தரவேண்டும். பொய்யே சொல்லமாட்டேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், எழுதக் கை வரவில்லை. ஆனால் கவி வளர்ந்து, அம்மா பசியோடா போனா என்று இன்னொரு நாள் கேட்டாளென்றால், அன்றைக்கு ஓம் என்று சொல்லுவேன். நீ சோறு கேட்டதையும், நான் நாளைக்கு என்று சொன்னதையும் சொல்லுவேன். அவள் என்னோடு கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். அதுவரைக்கும் இந்த இரண்டு பேருக்கும் பசிக்கிறது என்றால், அந்த நிமிடமே சோறு போடுவேன். நாளைக்கு என்ற சொல்லை இந்தக் குசினியில் என் வாயால் இனி யாரும் கேட்கமாட்டார்கள்.

உன் தர்ஷிக்கும் கவிக்கும் அப்பா